இரண்டு பக்கமும் பேசியவன்

ஜூன் 8, சனி

நாலு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் வந்த பிறகுதான் பாக்கியநாதன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்பது ஞாபகம் வந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கால்கள் தாமாகவே கிளம்பிவிடுகின்றன. கல்லூரியில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இயற்பியல் படித்தோம். நான் பள்ளிக்கூட வாத்தியாராகப் போனேன். அவன் இறையியல் படித்துச் சபைக் குரு ஆனான். எங்கள் பக்கத்தில் அவர்களை ஐயர் என்பார்கள். நான் பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வந்த வருஷத்தில் தொடங்கியது, கடவுள் உண்டா இல்லையா என்ற இந்தச் சனிக்கிழமைச் சண்டை. அவனை எந்த ஊர்ச் சபைக்கு அனுப்பினாலும் பஸ் பிடித்து வந்துவிடுவான். "ஞாயித்துக்கிழமைப் பிரசங்கத்துக்கு முன்னால ஒங்கிட்ட அடி வாங்குனாத்தாம்ல எனக்குத் தெளிவு வரும்" என்பான். கடைசி நாலு வருஷமாக இந்த ஊர்ச் சபைதான். வருகிற ஆகஸ்டில் ஓய்வு. அவன் குடியிருக்கும் குருமனை என் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம்; அதனால் இப்போது போவது நான்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் முகச் சவரம் செய்துகொண்டிருந்தவன் அப்படியே சரிந்திருக்கிறான். பக்கவாதம். வலது கையும் வலது காலும். பேச்சு இல்லை என்று அவன் மனைவி சுகிர்தம் போனில் சொன்னாள். நாளைக்குப் பார்க்க விடுவார்களாம்.

தோசை மாவு புளித்துவிட்டது. கொட்டினேன்.

ஜூன் 9, ஞாயிறு

பார்த்தேன். ஆளைத் தெரிகிறது. சொல்வது எல்லாம் புரிகிறது. ஆனால் திருப்பிச் சொல்ல ஒரே ஒரு சொல்தான் அவனிடம் மிஞ்சியிருக்கிறது. அது "சரி."

நர்ஸ் ஊசி போடட்டுமா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. சுகிர்தம் அழுதால் அதற்கும் சரி. சரி என்று சொல்லிவிட்டு, அது தான் நினைத்த சொல் இல்லை என்று தெரிந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறான்.

அவனைச் சிரிக்க வைக்கலாம் என்று குனிந்து, "கடவுள் இல்லல, ஒத்துக்கோ" என்றேன்.

"சரி" என்றான்.

இருபத்திரண்டு வருஷமாக அவன் வாயிலிருந்து நான் வாங்க முடியாத சொல். வெளியே வந்து வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே வெயில் கண்ணைக் கூசியது.

ஜூன் 22, சனி

வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். பேச்சுப் பயிற்சிக்கு நஸ்ரின் என்ற பெண் வாரம் இரண்டு நாள் வருகிறாள். குடை, சீப்பு, பசு என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டாள். பாக்கியநாதன் குடை அட்டையை இடது கையால் தள்ளிவிட்டான்.

"சொல்லெல்லாம் உள்ளதான் இருக்கு. வெளிய வர்ற வழிதான் அடைபட்டிருக்கு" என்றாள் நஸ்ரின். "அவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்தப் பேசினா சீக்கிரம் வரும். இவங்க எதப் பத்தி அதிகமாப் பேசுவாங்க?"

சுகிர்தம் என்னைப் பார்த்தாள். "கடவுளப் பத்தி. இந்த அண்ணாச்சிகிட்ட."

மனப்பாடமான ஜெபங்கள் பேச்சு போன பிறகும் சில பேருக்குத் தானாக வருமாம். சுகிர்தம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினாள். நாற்பது வருஷமாகச் சொன்னது. அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். களைப்பாக இருக்கும்.

தினமும் ஒரு மணி நேரம் வந்து பேசச் சொல்கிறார்கள். எனக்கும் சாயங்காலத்தில் வேறு வேலை இல்லை. அதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன்.

ஜூன் 26, புதன்

எதிராளி இல்லாமல் எப்படி வாதம் பண்ணுவது? முதல் இரண்டு நாள் என் பக்கத்தை மட்டும் பேசினேன். சுவரில் பந்து எறிகிற மாதிரி இருந்தது. இன்றைக்கு அவன் பக்கத்தையும் நானே பேசிவிடலாம் என்று தொடங்கினேன்.

"பூவு அழகா இருக்கு, மயிலு அழகா இருக்கு, இதையெல்லாம் ஒருத்தர் உக்காந்து செஞ்சிருக்கணும், அதனால கடவுள் உண்டு. இதானல ஒன் கட்சி?"

அவன் இப்படி ஒருநாளும் சொன்னதில்லை. உயிர்கள் எப்படி மாறி மாறி வந்தன என்பதை என்னைவிட நன்றாகப் படித்தவன். நான் அவசரத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன். அவன் முகம் சிவந்தது. இடது கையால் மேஜையில் ஓங்கி அடித்தான். தம்ளர் உருண்டது.

"இல்ல" என்றான்.

சுகிர்தம் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "என்ன சொன்னீங்க? இன்னொரு மட்டம் சொல்லுங்க."

"இல்ல. இல்ல. இல்ல."

கடவுள் உண்டு என்பதற்காக அவன் முதலில் மீட்டெடுத்த சொல் இல்லை என்பது. நான் இதைச் சொன்னதும் அவன் கோணிய வாயோடு சிரித்தான்.

ஜூன் 29, சனி

அவன் கட்சியை வேண்டுமென்றே மட்டமாக எடுத்து வைத்தால் அவனுக்கு இப்போது தெரிந்துவிடுகிறது. கண்ணை மூடிக்கொள்கிறான். நியாயமாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

அவன் கட்சியை அவன் சொல்கிற மாதிரியே சொல்வதற்கு மத்தியானம் முழுவதும் வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். எதற்கெடுத்தாலும் நான் ஒரு விதியைக் காட்டுவேன். மாம்பழம் ஏன் விழுகிறது, இந்த விதி. அந்த விதி ஏன், அதைவிடப் பெரிய இன்னொரு விதி. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொல்வான்: எல்லா விதியையும் நீ அடுக்கி முடித்துவிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம், அந்த அடுக்கு ஏன் இருக்கிறது? ஒன்றுமே இல்லாமல் போயிருக்கலாமே. அந்தக் கேள்விக்கு இன்னொரு விதி பதில் ஆகாது.

இதற்கு என் வழக்கமான பதில்: "ஏன்"களை எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். நீ கடவுள் வரைக்கும் போய் நிறுத்துகிறாய். நான் ஒரு ஸ்டாப் முன்னாலேயே, உலகத்திலேயே, இறங்கிக்கொள்கிறேன்.

இன்றைக்கு இரண்டையும் அவன் முன்னால் வைத்தேன். அவன் வெகுநேரம் வாயைக் கோணிக் கோணி முயன்றான். நஸ்ரின் சொல்லித்தந்தபடி நான் அவசரப்படுத்தாமல் காத்திருந்தேன். கடைசியில் வந்தது.

"பஸ்... எங்க... போவுது?"

அதாவது, இறங்கினது சரி, பஸ் எங்கே போகிறது என்று கேட்காமல் இறங்கிவிட்டாயே என்கிறான். மூன்று சொல். நான் எழுந்து போய்ச் சுகிர்தத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இத்தனை வருஷம் அவன் பேசி முடிப்பதற்குள் குறுக்கே விழுந்துகொண்டிருந்ததால் அது தெரியவில்லை.

ஜூலை 6, சனி

இன்றைக்கு வந்த சொற்கள்: ஏன், யாரு, தண்ணி, போதும், சுகி, காரணம், வலி, நீ தப்பு.

நீ தப்பு என்பதை இரண்டாக எண்ணினால் ஒன்பது.

ஜூலை 13, சனி

இன்று சரியாக நடக்கவில்லை.

உலகத்தில் இவ்வளவு வேதனை இருக்கும்போது நல்லவரான, எல்லாம் வல்ல ஒரு கடவுள் எப்படி இருக்க முடியும் என்பதுதான் என்னிடமுள்ள பெரிய ஆயுதம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது அதை எடுப்பேன். இந்தத் தடவை எடுக்கவில்லை. பெரிய வெடிப்பு, நட்சத்திரங்கள், கால்சியம் எங்கே உண்டானது என்று சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

அவன் கவனித்துவிட்டான். இடது கையால் தன் வலது கையைத் தூக்கி எனக்கு முன்னால் மேஜை மேல் வைத்தான். மீன்காரி மீனை எடுத்துப் பலகையில் போடுகிற மாதிரி.

"சொல்லு" என்றான்.

அந்த ஆயுதத்தை எடுக்கச் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி, "மழை வரும்போல இருக்கு. நான் கெளம்புதேன்" என்றேன்.

"சொல்லுல."

கிளம்பி வந்துவிட்டேன். மழை வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

சுகிர்தம் போன் பண்ணினாள். நேற்று ராத்திரி அவன் சாப்பிடவில்லையாம்.

"என்ன அண்ணாச்சி நடந்துச்சு? விட்டுக்குடுத்தான், விட்டுக்குடுத்தான்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. யாரு, எதன்னு எனக்கு வெளங்கல."

"ஒண்ணுமில்லம்மா. பேச்சுல ஒரு இடம்" என்றேன்.

ஜூலை 20, சனி

ஒரு வாரமாகப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். பொய். இன்று போனேன்.

அவன் ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்து, அவன் வலது கையை நானே எடுத்து என் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். பஞ்சு மாதிரி கனமில்லாமல் இருந்தது.

"நாப்பது வருஷம் அவருக்குன்னு ஓடுன கை இது. எத்தன பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் குடுத்திருக்கும், எத்தன சவப்பெட்டியப் பிடிச்சிருக்கும். அவருக்கு இது தெரியலன்னா அவரு எல்லாம் அறிஞ்சவரில்ல. தெரிஞ்சும் தடுக்க முடியலன்னா வல்லவரில்ல. முடிஞ்சும் சும்மா இருந்தாருன்னா நல்லவரில்ல. இப்ப நீ சொல்லு."

கையை விடாமலே சொல்லி முடித்தேன்.

அவன் முகம் தெளிந்தது. இந்த மனிதனுக்கு அதுதான் வேண்டியிருந்திருக்கிறது. நோயாளியாகப் பார்க்காமல் எதிராளியாகப் பார்க்க ஒருத்தன்.

பிறகு பேசினான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நான் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்திருக்கலாம். சுருக்கி எழுதுகிறேன்.

கைக்காக அவன் வருத்தப்படவில்லை. கை போனதற்கு ஆயிரம் பதில் அவனிடம் உண்டு. நாற்பது வருஷமாக ஊருக்குச் சொன்ன பதில்கள். விஷயம் வேறு. ஆஸ்பத்திரியில் முதல் மூன்று நாள், வாய் அடைத்துப்போன பிறகு, அவன் உள்ளுக்குள் கூப்பிட்டிருக்கிறான். சின்ன வயதிலிருந்து எப்போது கூப்பிட்டாலும் உள்ளே ஓர் இருப்பை உணர்வானாம். வார்த்தையாக இல்லை, அறையில் இன்னொருவர் இருந்தால் முதுகுக்குத் தெரியுமே, அந்த மாதிரி. இந்தத் தடவை அது இல்லை.

"கூப்பிட்டேன்... யாரும்... இல்ல." கொஞ்சம் பொறுத்து, "காலி" என்றான்.

இன்றைக்கு வரைக்கும் அப்படித்தானாம். அதனால்தான் அன்றைக்கு ஜெபத்துக்கு முகத்தைத் திருப்பியிருக்கிறான்.

"சுகிக்கு... வேண்டாம்" என்றான்.

சொல்லமாட்டேன் என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

நான் ஜெயித்துவிட்டேன். அப்படித்தான் எழுத வேண்டும்.

துணி துவைத்தேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை.

என் மனைவி போனபோது பதினாறு நாளும் பாக்கியநாதன் காலையில் வந்துவிடுவான். காபி போடுவான், தம்ளரைக் கழுவி வைப்பான், பேப்பர் படிப்பான். பரலோகம், நித்தியம், மறுபடியும் சந்திப்பது, ஒன்றையும் பேசவில்லை. வாதத்தில் என்னை மடக்க அதைவிட நல்ல சமயம் அவனுக்குக் கிடைத்திருக்காது. பதினாறாம் நாள் நானே கேட்டேன், ஏம்ல ஒண்ணும் சொல்லல என்று. "நீ கேக்கலயே" என்றான்.

அவன் அன்றைக்கு எடுத்துக்கொள்ளாத வெற்றியை நான் இன்றைக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

ஜூலை 27, சனி

ஒரு வாரம் யோசித்து வைத்ததை இன்று சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஆறுதலுக்காகச் சொன்னால் அவன் கண்டுபிடித்துவிடுவான்.

"நீயும் லேப்ல நின்ன ஆளுதானல. கீழ விழுந்து அடிபட்ட மீட்டர்ல எடுத்த ரீடிங்க ரெக்கார்டு நோட்டுல எழுதுவியா?"

தலையை ஆட்டினான். மாட்டான்.

"மூளையில ரத்தம் போகாம ஒரு பக்கம் அப்படியே நின்னுபோச்சு. பேச்ச எடுத்துக்கிட்டது, கைய எடுத்துக்கிட்டது. அந்த உணர்ச்சியவும் எடுத்திருக்கும். அந்த நேரத்துல ஒனக்கு யாரும் இல்லன்னு காட்டுச்சுன்னா, அது அங்க யாரும் இல்லங்கறதுக்குச் சாட்சி ஆகாது. மீட்டர் அடிபட்டிருக்குங்கறதுக்குத்தான் சாட்சி. அந்த ரீடிங் செல்லாது. நான் ஒத்துக்கிட மாட்டேன்."

அவன் என்னையே பார்த்தான். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"அப்ப... இருக்காருன்னு... காட்டுனதும்... இதே... மீட்டர்."

"ஆமா. அதத்தான இருபத்திரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

முதலில் அவன்தான் சிரித்தான். பிறகு நானும். நெஞ்சு வலிக்கிற வரைக்கும் சிரித்தோம். சுகிர்தம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்காமலே போனாள்.

ஆக, அது இரண்டு பக்கமும் செல்லாது. உண்டு என்பதற்கும் ஆகாது, இல்லை என்பதற்கும் ஆகாது. அவன் நாற்பது வருஷ நம்பிக்கையும் என் ஒரு வார வெற்றியும் ஒரே நாளில் கணக்கிலிருந்து போயின. இரண்டு பேருக்கும் அது ஏனோ இலேசாக இருந்தது.

ஆகஸ்ட் 3, சனி

அடுத்த ஞாயிறு சபையில் அவனுக்கு வழியனுப்பு ஆராதனை. கடைசியில் ஆசீர்வாதம் மட்டுமாவது ஐயர் வாயால் வர வேண்டும் என்று சபையார் கேட்டிருக்கிறார்கள். பழகின வாக்கியம்தான். நஸ்ரின் ஒரு வாரத்தில் தயார் பண்ணிவிடலாம் என்கிறாள்.

அவள் போன பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

"உள்ள... காலி. மேல நின்னு... சொன்னா... பொய்தான?"

இதை அவன் பிஷப்பிடம் கேட்டிருக்கலாம். என்னிடம் கேட்கிறான். எனக்குத் தெரியவில்லை என்றேன். யோசித்துச் சொல்லச் சொன்னான்.

ஆகஸ்ட் 7, புதன்

நான்கு நாள் யோசித்தும் பெரிதாக ஒன்றும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

"அந்த வாக்கியம் பொய்யா மெய்யான்னு எனக்குத் தெரியாதுல. ஆனா நீ எங்கிட்ட ஒருநாளும் பொய் சொன்னதில்ல. அவங்ககிட்டயும் சொல்லாத. உள்ள என்ன இருக்கோ அதச் சொல்லு. ஆனா அதுக்கு முன்னால சுகிர்தத்துகிட்டச் சொல்லு. சபையில வச்சு அவ கேக்கக்கூடாது."

ஆகஸ்ட் 8, வியாழன்

சொல்லிவிட்டான். நான் வெளியே முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சுகிர்தம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. தூக்கத்துலகூட ஜெபம் முனங்குத ஆளு. ரெண்டு மாசமா ஒரு சத்தம் இல்ல. அவங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். பிறகு, "காலையில ஆக்குன சோறுதான் இருக்கு. சாப்பிடுதீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆராதனை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில்.

முடிவில் அவனை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு மேலே நிறுத்தினார்கள். எல்லாரும் ஆசீர்வாதத்துக்குத் தலை குனிந்தார்கள். நான் குனியவில்லை, அதனால் பார்த்தேன். இடது கையை மட்டும் உயர்த்தினான்.

"நான்... கூப்பிட்டேன்" என்றான். மைக்கில் மூச்சு பெரிதாகக் கேட்டது. "பதில்... இல்ல."

குனிந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

"இன்னும்... கூப்பிடுதேன். நீங்களும்... கூப்பிடுங்க." வெகுநேரம் நின்றான். "சமாதானம்" என்றான்.

யாரும் உடனே ஆமென் சொல்லவில்லை. பின்னால் எங்கோ ஒரு பெண் தொடங்கினாள், பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

வெளியே வந்தபோது இரண்டு பெரியவர்கள் முறைப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஐயருக்கு மூளை கலங்கிவிட்டது என்று. ஆனால் அவன் நாற்காலியைச் சுற்றி நின்ற கூட்டம் ஒரு மணி நேரம் கலையவில்லை. ஒரு நடுவயதுப் பெண் குனிந்து, "எனக்கும் வரல ஐயரே. எம்மவன் போனதுலேருந்து வரல. நான் ஒருத்திதான் அப்படின்னு நெனச்சு வெளிய சொல்லாம இருந்தேன்" என்றாள். அவன் அவள் தலையில் இடது கையை வைத்தான்.

ஆகஸ்ட் 17, சனி

குருமனையைக் காலி பண்ணிவிட்டார்கள். எனக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீடு. புத்தகப் பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை. அதன் மேலேயே உட்கார்ந்து பேசினோம். அப்போது நாலரை மணி.

எங்கே விட்டோம் என்று கேட்டான். பஸ்ஸில் என்றேன். சிரித்தான்.

வாதத்தைத் தொடங்க வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது.

"அன்னைக்கு நீ மேல நின்னு சொன்னியே, இன்னும் கூப்பிடுதேன்னு. நானும் கூப்பிடுதேம்ல. தெனமும். சாயங்காலம் பூட்டத் தொறந்து உள்ள போனதும் அவளக் கூப்பிடுவேன். நாலு வருஷமா. பதில் வராதுன்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் கூப்பிடுதேன்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டிலும் எழுதினதில்லை. சொல்லிவிட்டு, அவன் அதைப் பிடித்துக்கொள்வான் என்று காத்திருந்தேன். பார்த்தியா, நீயும் இல்லாத ஒருத்தரிடம்தான் பேசுகிறாய் என்று கேட்கலாம். நான் அவன் இடத்தில் இருந்தால் கேட்டிருப்பேன்.

அவன் கேட்கவில்லை.

"பேரு... சொல்லியா?" என்றான்.

"ஆமா."

"சத்தமா?"

"ஆமால."

"சொல்லு."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "வடிவு."

அவன் உதடுகள் அதை எடுத்துக்கொண்டன. முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. நஸ்ரின் சொல்லித்தந்த மாதிரி நான் வாயசைத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. சுகிர்தம் காபித் தம்ளர்களோடு வாசற்படியில் அசையாமல் நின்றாள்.

"வ... வடிவு" என்றான்.

அவள் போனதிலிருந்து என் வாயைத் தவிர வேறு யார் வாயிலிருந்தும் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. என் மனம் நோகும் என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னான்.